குழந்தைக்கு வயிறு போனால்: முதல் மணி நேரத்திலிருந்து பதினான்காம் நாள் வரை

“ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம், ஆனாலும் நிற்கவில்லை” என்று சொல்லி மறுநாளே வேறு மருத்துவரைத் தேடிப் போகும் பெற்றோர் நிறையப் பேர். ஓ.ஆர்.எஸ். என்பது உப்பும் குளுக்கோஸும் அளவாகச் சேர்ந்த, வாய்வழியே கொடுக்கும் கரைசல். அது பேதியை நிறுத்தாது. அதன் வேலை வேறு. சிறு குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் வருவது. ஐந்து முதல் ஏழு நாளில் தானாக அடங்கும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். போவதைப் போகப் போக வாய்வழியே ஈடுகட்டிக்கொண்டே வந்தால், பேதி தன் நாட்களை முடித்துக்கொண்டு போய்விடும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

எவ்வளவு நீர் போனால் ஆபத்து என்பதை ஒரு கணக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ எடையுள்ள, ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தால் உடல் எடையில் 5 சதவீதம் போய்விட்டது. நீர்ச்சத்துக் குறைவின் அறிகுறிகள் அங்கே தொடங்குகின்றன. ஒரு லிட்டர் போனால் 10 சதவீதம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. தண்ணீராகப் பீய்ச்சிக்கொண்டு போகும் பேதியும் கூடவே வாந்தியும் இருந்தால் காலைக்கும் மாலைக்கும் இடையில் அவ்வளவும் போய்விடலாம். ஆகவே முதல் தடவை தண்ணீராகப் போனவுடனேயே கரைசல் கொடுக்கத் தொடங்க வேண்டும். கண் குழிவிழும் வரை காத்திருக்கக் கூடாது.

எது பேதி

24 மணி நேரத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல், வழக்கத்தைவிட நீர்த்துப் போனால் பேதி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறை பால் குடித்தவுடனும்கூட, மஞ்சளாக இளகிப் போகலாம். நன்றாகப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் அது இயல்பு, மருந்து வேண்டாம். அந்தக் குழந்தைக்கே வழக்கத்தைவிடத் தண்ணீராக, நாற்றத்தோடு, அடிக்கடி போகத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

பல் முளைப்பதால் பேதி வரும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. பல் முளைக்கும் ஆறேழு மாதத்தில்தான் குழந்தை தவழ்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது, தாய்ப்பாலுக்கு வெளியே மற்ற உணவும் தொடங்குகிறது. கிருமி அந்த வழியில் வருகிறது. “பல் பேதிதானே” என்று விட்டுவிட்டதால் இரண்டு நாள் வீணான குழந்தைகள் ஏராளம்.

முதல் படி: குழந்தையைப் பாருங்கள்

கரைசல் கலக்குவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குழந்தை இருக்கும் விதம். வழக்கம்போல விளையாடுகிறதா, நச்சரித்து அழுதுகொண்டே இருக்கிறதா, அல்லது சோர்ந்து துவண்டு கிடக்கிறதா? இரண்டாவது, கண்கள். உள்வாங்கியிருக்கின்றனவா என்பதைக் குழந்தையைத் தினமும் பார்க்கும் அம்மாவோ பாட்டியோ சொல்வதுதான் சரியாக இருக்கும். சில குழந்தைகளுக்குக் கண் இயல்பாகவே உள்ளடங்கி இருக்கும். மூன்றாவது, தாகம். ஒரு கரண்டி கரைசல் கொடுத்துப் பாருங்கள். சாதாரணமாகக் குடிக்கிறதா, கரண்டியைப் பிடித்து இழுத்து ஆவலாகக் குடிக்கிறதா, குடிக்கவே முடியாமல் கடைவாயில் வழியவிடுகிறதா?

நான்காவது, தோல். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவே, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை உடம்பின் நீளவாக்கில் மடிப்பாகத் தூக்கிப் பிடியுங்கள். விரல் நுனியால் கிள்ளக் கூடாது, வலிக்கும். ஒரு நொடி பிடித்து விட்டுவிட்டால் மடிப்பு உடனே மறைய வேண்டும். மெதுவாக மறைந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை மோசம். கொழுகொழுவென்ற குழந்தைக்கு நீர் வற்றியிருந்தாலும் தோல் சட்டென்று திரும்பிவிடும். மெலிந்த குழந்தைக்குப் பேதி இல்லாத நாளிலும் மெதுவாகத்தான் திரும்பும். அதனால் தோலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒன்றரை வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது வற்றலின் அடையாளமே தவிர, எண்ணெய் வைத்துத் தட்டினால் மேலே வராது.

சிறுநீரையும் கணக்கில் வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் அது எச்சரிக்கை. இதில் டயப்பர் ஏமாற்றும்: தண்ணீரான பேதியை உறிஞ்சிக்கொண்டு கனக்கும், வீட்டார் சிறுநீர் என்று நினைத்துக்கொள்வார்கள். பேதி இருக்கும் நாட்களில் பகலிலாவது துணி கட்டுவது நல்லது.

குழந்தை தெளிவாக இருந்து, கண்ணும் தாகமும் தோலும் இயல்பாக இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நச்சரிப்பு, குழிவிழுந்த கண், அடங்காத தாகம், மெதுவாகத் திரும்பும் தோல் ஆகியவற்றில் இரண்டு இருந்தாலும் மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், அங்கே நான்கு மணி நேரம் கண்காணிப்பில் கரைசல் கொடுக்க வேண்டும். துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை, விழுங்கும் நிலையில் குழந்தை இருந்தால், சொட்டுச் சொட்டாகக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இரண்டாம் படி: சரியான பொட்டலம்

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில், ஒரு லிட்டர் கரைசலுக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். வாங்கும் பொட்டலத்தின் பின்புறம் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 200 மி.லி. பொட்டலத்தில் இதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இலங்கையில் ஜீவனி என்ற பெயரில் கிடைப்பதும் இந்த வகைக் கரைசல்தான்.

அளவு ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதியில் குடலின் மற்ற வேலைகள் குலைந்தாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. சர்க்கரை கூடிவிட்டால் நேர்மாறாக நடக்கும்: உறிஞ்சப்படாத சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்பே வரலாம்.

இந்த வகைக் கலவையின் வலிமை 1971-இல் ஒரு போர்க்காலத்தில் உலகுக்குத் தெரிந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்கானில் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் குழுவிடம் நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, இந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாத உறவினர்கள் குவளையில் ஊற்றிக் கொடுத்ததால் கிடைத்த பலன் அது. உங்கள் வீட்டில் நீங்கள் செய்யப் போவதும் அதுதான்.

கடையில் எச்சரிக்கையாக இருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சுமந்த பழரசப் பானங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடைகளிலேயே விற்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உணவுப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தடை விதித்தது. ஆனாலும் “ஓ.ஆர்.எஸ். கொடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் கையில் டெட்ரா பாக்கெட் ஒன்றைக் கொடுக்கக்கூடும். பெயரைப் பார்க்காமல் பின்புற எண்களைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம்.

மூன்றாம் படி: கலக்கும் விதம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி, ஆறவிடுங்கள். சூடான நீரில் கலக்க வேண்டாம். கலந்த பிறகு திரும்பக் கொதிக்கவும் வைக்கக் கூடாது, நீர் ஆவியாகி உப்பின் செறிவு ஏறிவிடும்.

பொட்டலத்தில் எத்தனை மி.லி. என்று எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இந்த இடத்தில்தான். ஒரு லிட்டர் பொட்டலத்தில் கொஞ்சம் தூளை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிறார்கள். மீதியை மடித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் இன்னொரு சிட்டிகை. பொட்டலத்துக்குள் நான்கு தூள்களும் சீராகக் கலந்து இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரு கரண்டியில் உப்பு அதிகமாக வரலாம், அடுத்ததில் குளுக்கோஸ் மட்டும் வரலாம். முழுப் பொட்டலத்தையும் ஒரே நேரத்தில், அதற்குரிய முழு அளவுத் தண்ணீரில் கொட்டிக் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்குச் சுத்தம் செய்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். 200 மி.லி.க்கு வீட்டு டம்ளரை நம்பாதீர்கள். டம்ளர்கள் 150-இலிருந்து 300 மி.லி. வரை பிடிக்கும். பால் புட்டியில் இருக்கும் கோடுகளைக் கொண்டு ஒருமுறை அளந்து, எந்த டம்ளரில் எதுவரை ஊற்றினால் 200 மி.லி. என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தை ஒரு லிட்டரைக் குடித்து முடிக்காதே என்று கவலைப்பட்டால் 200 மி.லி. பொட்டலங்களையே வாங்குங்கள்.

சர்க்கரை, பால், ஜூஸ், தேன் எதையும் கரைசலில் சேர்க்காதீர்கள். சுவை பார்த்தால் கண்ணீர் அளவுக்குத்தான் உப்புக் கரிக்க வேண்டும். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்து, மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். குளிர்ந்த கரைசலைச் சில குழந்தைகள் விரும்பிக் குடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுப்பதில் தவறில்லை.

நள்ளிரவு, பொட்டலம் இல்லை, கடையும் இல்லை என்றால் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், 5 மி.லி. தேக்கரண்டியில் தலைதட்டி ஆறு கரண்டி வெள்ளைச் சர்க்கரை, அதே கரண்டியில் தலைதட்டி அரைக் கரண்டி தூள் உப்பு. கல் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் கரண்டியில் வேறு எடை நிற்கும், இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் உப்பைக் குறைத்துப் போடுவதே பாதுகாப்பு. இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. விடியும் வரை தாங்கும் வழி, அவ்வளவுதான்.

நான்காம் படி: எவ்வளவு, எந்த வேகத்தில்

வற்றல் அறிகுறி ஏதும் இல்லாத குழந்தைக்கு, ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இந்த அளவு:

ஆறு மாதத்துக்குக் கீழ் 50 மி.லி.
ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 50 முதல் 100 மி.லி.
இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மி.லி.

இது வழக்கமாகக் குடிக்கும் பால், தண்ணீர், கஞ்சிக்கு மேலாக. குழந்தை இன்னும் கேட்டால் இன்னும் கொடுங்கள். தாகம் நல்ல வழிகாட்டி. ஆறு மாதத்துக்குக் கீழ், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடியும் நீண்ட நேரமும் கொடுங்கள். அதோடு கரைசல் மட்டும் போதும், வெறும் தண்ணீர் வேண்டாம்.

வற்றல் தொடங்கிவிட்ட குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்பது கணக்கு. 8 கிலோ குழந்தைக்கு 600 மி.லி., 10 கிலோவுக்கு 750, 12 கிலோவுக்கு 900. இதைச் சுகாதார நிலையத்தில் வைத்துச் செய்ய வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி கண், தாகம், தோல் பார்த்து அடுத்த முடிவு எடுப்பார்கள். அங்கே போகும் வழியிலேயே கொடுக்கத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். இடையில் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

கொடுக்கும் பாத்திரம் கிண்ணமும் கரண்டியும், அல்லது பாலாடை. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சும் நல்லது, அளவு துல்லியமாகத் தெரியும். கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள், தொண்டைக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள். பால் புட்டியில் வேண்டாம். தாகத்தில் இருக்கும் குழந்தை புட்டியை ஒரே மூச்சில் உறிஞ்சி, எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிடும். தவிர, ரப்பர் நிப்பிளில் ஒட்டியிருக்கும் கிருமிதான் பல வீடுகளில் பேதியைத் தொடங்கி வைத்தது.

வாந்தி எடுத்தால்

இங்கேதான் பெரும்பாலானோர் மனம் தளர்ந்து கைவிடுகிறார்கள். வாந்தி எடுத்தவுடன் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. அம்மா கொடுத்து ஓய்ந்தால் அப்பா, பிறகு பாட்டி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முறை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு 5 மி.லி. கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போயிருக்கும். கரண்டியில் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும் அளவு அது. 10 கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் அறுநூறு மி.லி. ஆகிவிடுகிறது. கொடுத்ததில் கொஞ்சம் வெளியே வந்தாலும் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடும். முழுவதும் வெளியே வந்துவிட்டது என்று பார்ப்பவருக்குத் தோன்றும், கறையின் பரப்பு அப்படி ஏமாற்றும்.

வாந்தி பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். இப்படி மெதுவாகக் கொடுத்தும் எதுவும் தங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். தேவை என்று கருதினால் வாந்திக்கு அவர் ஒரு வேளை மருந்து கொடுப்பார். பச்சை நிறத்தில் பித்தமாக வாந்தி எடுத்தால் காத்திருக்கவே கூடாது, குடல் அடைப்பாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: ஜிங்க், 14 நாள் முழுதும்

துத்தநாகம் எனும் ஜிங்க்கைப் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். உடன் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2004-இல் பரிந்துரைத்தன. பேதி நாட்களைக் குறைக்கும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி வருவதையும் குறைக்கும். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை நாளுக்கு 10 மி.கி., அதாவது 20 மி.கி. மாத்திரையில் பாதி. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை 20 மி.கி., முழு மாத்திரை. ஒரு கரண்டியில் தாய்ப்பாலோ கொதித்து ஆறிய நீரோ கொஞ்சம் ஊற்றி, மாத்திரையைப் போட்டால் சில நொடிகளில் கரையும். சிரப்பாக வாங்கினால் 5 மி.லி.யில் 10 மி.கி.யா 20 மி.கி.யா என்று லேபிளில் பார்த்துக் கணக்கிடுங்கள்.

மூன்றாம் நாள் பேதி நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிடுவது நம் வழக்கம். மாத்திரையின் அடுத்த கட்டப் பலன் அதற்குப் பிறகுதான். காலண்டரில் தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் குறித்து வையுங்கள். உலோகச் சுவை இருப்பதால் சில குழந்தைகள் துப்பும், வாந்தி எடுக்கும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு கொடுங்கள்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

“வயிறு காயட்டும்” என்று பட்டினி போடுவது குடலுக்குச் செய்யும் கெடுதல். குடலின் உட்சுவர் புதுப்பித்துக்கொள்ள உணவு வேண்டும். பட்டினி போட்டால் பேதி நீளும், குழந்தை மெலியும், மெலிந்த குழந்தைக்கு அடுத்த பேதி இன்னும் கடுமையாக வரும். குழைய வடித்த சாதத்தில் பருப்பும் ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துப் பிசைந்தது, தயிர் சாதம், இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, அசைவம் பழகிய குழந்தைக்கு முட்டை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. ஜவ்வரிசிக் கஞ்சி கேடில்லை, ஆனால் அது வெறும் மாவுச்சத்து. அதை மட்டுமே மூன்று நாள் ஓட்டக் கூடாது.

உப்புப் போட்ட மோரும், உப்புப் போட்ட சாதக் கஞ்சியும் மிக நல்ல பானங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், கரைசலுக்குப் பதிலாக ஆகாது. பாட்டில் குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், குளுக்கோஸ் தூள் கலந்த தண்ணீர், டீ, காபி வேண்டாம். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு அதே அளவில் கலக்குங்கள். தண்ணீராக்கிக் கொடுத்தால் சத்து குறையுமே தவிர வேறு பலன் இல்லை. பாலை நிறுத்தவும் தேவையில்லை. ஏழெட்டு நாள் ஆகியும் நுரைத்துப் பீய்ச்சிக்கொண்டு போய், ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்து சிவந்தால், பால் சர்க்கரை தற்காலிகமாகச் செரிக்காமல் இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

கொடுக்கக் கூடாத மருந்துகள்

லோப்பரமைடு போன்ற “நிறுத்தும் மாத்திரை” சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. குடலின் அசைவை முடக்கி, நீரை உள்ளேயே தேங்க வைக்கும். வெளியே பேதி நின்றதுபோல் தெரிய, வயிறு உப்பி, குழந்தை மயங்கிப்போகும். ஆன்டிபயாடிக் வைரஸ் பேதிக்கு வேலை செய்யாது, சில நேரம் பேதியை அதிகமாக்கும். இரத்த பேதி, காலரா என்று மருத்துவர் சந்தேகித்தால் அப்போது தேவை. சென்ற முறை வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பின் மீதியைக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் போதும்: கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.யில் 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. சொட்டு மருந்தைச் சிரப்பின் அளவில் ஊற்றிவிட்டால் கல்லீரல் கெட்டுவிடும் அளவுக்குப் போய்விடலாம். மூன்று மாதத்துக்குக் கீழ் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம், நேரே மருத்துவமனை. இபுப்ரொஃபேன், மெஃபெனமிக் அமிலம் ஆகியவை நீர் வற்றிய குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, தவிருங்கள்.

தொக்கம் எடுப்பது, உரம் விழுந்தது என்று புடவையில் போட்டு உருட்டுவது, வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றுவது ஆகியவற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் அன்பால் செய்கிறார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் தொண்டைக்குள் விரலோ குழாயோ விட்டு எடுக்கும்போது காயமும் கிருமித் தொற்றும் வருகின்றன, புரையேறி நுரையீரலுக்குள் போகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம்: தொக்கம் எடுப்பவர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் அரை நாளில் 300 மி.லி. கரைசல் உள்ளே போயிருக்கும். பாட்டியின் கையில் பாலாடையைக் கொடுத்து, “இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குடுங்க பாட்டி” என்று சொல்லிப் பாருங்கள். அவரைவிடப் பொறுமையாகக் கொடுப்பவர் வீட்டில் இருக்க மாட்டார்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

குழந்தை இரண்டு மாதத்துக்குள் இருந்தால், பேதி எப்படி இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு: மலத்தில் இரத்தம், குடிக்கவோ பால் இழுக்கவோ முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வயிறு உப்பிக் கல்லாக இருத்தல், வேகமான, ஆழமான மூச்சு. அரிசி கழுவிய நீர்போல் வெள்ளையாக, நிற்காமல் ஊற்றினால் காலராவாக இருக்கலாம், அதற்கு நிமிடங்கள் முக்கியம். ஏற்கெனவே மிகவும் மெலிந்த குழந்தைக்குக் கரைசலின் அளவு வேறு, அதை மருத்துவமனையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று: நான்கு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுது, இடையில் வெளிறித் துவண்டு, சிவந்த ஜெல்லி போல இரத்தமும் சளியுமாகப் போனால், அது பேதியாக இல்லாமல் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட நிலையாக இருக்கலாம். அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று நாளில் குறைய ஆரம்பிக்கவில்லை என்றால் காட்டுங்கள். 14 நாளைத் தாண்டினால் அது வேறு வகைப் பேதி, பரிசோதனைகள் தேவை. வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்கத் தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம்.

நின்ற பிறகு

அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக உணவு கொடுங்கள். இழந்த எடை அப்போதுதான் திரும்பும். அங்கன்வாடியில் எடை போட்டு, பேதிக்கு முன் இருந்த எடையை எட்டிவிட்டதா என்று பாருங்கள்.

வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பரவுவது பெரும்பாலும் மலத்தை அலம்பிய கையால். சிறு குழந்தையின் மலம் தீங்கற்றது என்று நினைத்து வாசலிலோ சாக்கடையிலோ கொட்டுகிறார்கள். அதில் பெரியவர்களுடையதற்குக் குறையாத கிருமி இருக்கும். கழிப்பறையில் கொட்டி, சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். சானிடைசர் ரோட்டா, நோரோ வைரஸ்களுக்குச் சோப்பும் தண்ணீரும் அளவுக்கு நம்பத்தக்கதல்ல.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 2016-இல் சேர்ந்தது; தமிழ்நாட்டில் 2017 முதல் கிடைக்கிறது. 6, 10, 14 வாரங்களில் வாய்வழியே, மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்து, இலவசமாக. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்கு மேல் குறைத்தது. அதற்குப் பிறகும் பேதி வரலாம், வேறு கிருமிகள் இருக்கின்றன. முதல் தவணை தவறியிருந்தால் ஒரு வயது முடிவதற்குள் போய்க் கேளுங்கள். அதற்குப் பின் தொடங்க மாட்டார்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியில் எப்போதும் 200 மி.லி. பொட்டலம் ஐந்தாறு, ஜிங்க் மாத்திரை ஒரு அட்டை, 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று இருக்கட்டும். ஊருக்குக் கிளம்பும்போது பையில் இரண்டு பொட்டலம் போட்டுக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். தூள் கட்டிதட்டியோ பழுப்பாகியோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.